டாப்பை எடுத்த பிறகு காரை எது தாங்குகிறது?

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஓப்பன் கார் சொல்லியிருந்தார்கள். வந்தது ஒரு பழைய அம்பாசடர். டாப்பை வெட்டி எடுத்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, பின்சீட்டை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். கோயிலில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, முன்னால் நாயனமும் தவிலும் போக, கார் மெல்ல ஊர்ந்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. வாசலில் ஒரு பின்சக்கரம் மட்டும் சிமெண்ட் மேட்டில் ஏறி நின்றுவிட்டது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருக்க, கதவு திறக்கவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், உள்ளிருந்து தள்ளிப் பார்த்தார்கள். டிரைவர் காரை இரண்டடி பின்னுக்கு எடுத்துச் சமதரையில் நிறுத்தினார். கதவு தானாகத் திறந்துகொண்டது.

பூட்டில் எந்தக் கோளாறும் இல்லை. பந்திக்குப் போகும் முன் மறுபடி அந்த வண்டியருகே போய்க் கதவின் இடுக்கைப் பார்த்தேன். மேல் பக்கம் என் சுண்டுவிரல் நுழையவில்லை. கீழ்ப் பக்கம் கட்டைவிரலே போனது. சமதரையில் நிற்கும்போதே இந்த நிலை. ஒரு சக்கரம் மேட்டில் ஏறியதும் வண்டி முழுவதும் முறுக்கிக்கொண்டு கதவை நெரித்துவிட்டது.

ஓப்பன் கார் பற்றி யார் கேட்டாலும் நான் இந்தக் கதவிலிருந்துதான் தொடங்குவேன். ஸ்போர்ட்ஸ் கார்களில் டாப்பு மடங்கும் வகையைக் கன்வர்டிபிள் என்கிறார்கள். அதில் கம்பெனியே செய்து விற்றதும் உண்டு, கூரையோடு பிறந்த காரை வேறொரு பட்டறை வாங்கி வெட்டியதும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரிய, கூரை என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெயிலையும் மழையையும் தடுப்பது அதன் சின்ன வேலை.

நம் ஊர்க் கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டைக் கழற்றிவிட்டால் அது வைக்கோல் ஏற்றும் மொட்டை வண்டியாகிவிடும். வண்டிக்கு ஒரு குறையும் வராது, ஏனென்றால் பாரத்தைச் சுமப்பது அடிச்சட்டமும் அச்சும்தான், கூண்டு வெறும் நிழல். பழைய கார்கள் பலவும் இப்படித்தான் இருந்தன. கீழே சேசிஸ் என்ற கனத்த இரும்புச் சட்டம், அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்த்திய பாடி. லாரியும் ஜீப்பும் இன்றும் அப்படியே. மஹிந்திரா தார் கேன்வாஸ் டாப்போடு கம்பெனியிலிருந்தே வர முடிந்தது இதனால்தான். அடியில் சட்டம் தனியாக இருக்கிறது, 2020இல் வந்த தாரில் தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூண்டும் சேர்த்தே கொடுத்தார்கள்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் தனிச் சேசிஸ் கிடையாது. தஞ்சாவூரில் ஒரே பலாமரத்தில் குடமும் தண்டியும் பிரிக்க முடியாமல் குடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணை இருக்கிறதே, அதுபோலப் பாடியும் எலும்பும் ஒன்றே. மெல்லிய தகடுகளை மடித்து, ஒட்டவைத்து, ஒரு மூடிய பெட்டியாக்கி, அந்தப் பெட்டியையே எலும்பாக்கிவிட்டார்கள். இதை மோனோகாக் என்பார்கள். தரை, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் சுமக்கின்றன. நம் அம்பாசடரும் இந்த வகைதான். அதன் கூரையை வெட்டியவர் கூண்டைக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு எலும்பில் கை வைத்துவிட்டார்.

இதைக் கையால் உணர ஒரு வழி உண்டு. தெளிப்பானுக்கோ மோட்டாருக்கோ போட்டு மிஞ்சிய பிவிசி பைப் ஒரு முழம் எடுங்கள். இரு கையாலும் பிடித்து, துணி பிழிவதுபோல முறுக்கிப் பாருங்கள். அசையாது. இப்போது ரம்பத்தால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கொஞ்சமும் குறையவில்லை, எடை ஏறக்குறைய அதேதான். ஆனால் முறுக்கினால் குழைகிறது. மூடிய குழாய்க்கும் திறந்த குழாய்க்கும் முறுக்கைத் தாங்கும் பலத்தில் அவ்வளவு வித்தியாசம். கூரை வெட்டிய கார் என்பது கோடு போட்ட பைப்.

வளைவது ஒன்று, முறுக்குவது ஒன்று என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் முன்னால், ஆட்கள் நடுவில் என்று பாரம் உட்காரும்போது வண்டி நடுவில் தொய்யப் பார்க்கும். அது வளைவு. ரயில்வே கேட்டைச் சற்றுச் சாய்வாகக் கடக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் தண்டவாளத்தில் ஏறுகிறது பாருங்கள், அப்போது முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் திரும்பப் பார்க்கும். அது முறுக்கு. ஓப்பன் கார்கள் அதிகம் தோற்பது முறுக்கிடம்தான். டேஷ்போர்டு நடுங்கும், ஸ்டீயரிங் கையில் துடிக்கும், உள்கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இது சொகுசுப் பிரச்சினை மட்டும் இல்லை. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரு அசையாத பொருளில் மாட்டியிருப்பதாக நம்பித்தான் வேலை செய்கின்றன. பாடியே ஒரு ஸ்பிரிங்காகிவிட்டால் வளைவில் கார் எங்கே போகும் என்று கைக்குத் தெரியாது.

அப்படியானால் கம்பெனி என்ன செய்கிறது? கூரை செய்த வேலையைப் பிரித்து மற்ற உறுப்புகளின் தலையில் கட்டுகிறது. பெரும்பங்கு போவது கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டித்தகட்டுக்கு. ஏறும்போது நம் கால் தாண்டுகிற அந்த இடத்தைப் படி என்று வைத்துக்கொள்வோம். கூரையுள்ள காரில் அந்தப் படிக்குள் வெற்றிடம் அதிகம். கன்வர்டிபிளில் அதற்குள் இன்னொரு பெட்டி, தடித்த தகட்டில். முன்கண்ணாடியின் இரு தூண்களுக்குள்ளும் இரும்புக் குழாய் இறங்கும், கார் குப்புற விழுந்தால் முன்பக்கத்தில் தலையைக் காப்பது அவைதானே. சீட்டுக்குப் பின்னால் குறுக்குச் சுவர் ஒன்று தடிக்கும். அடியில் பெருக்கல் குறி வடிவில் குறுக்குக் கம்பிகள் வரும். இத்தனையும் சேர்ந்து எடையைக் கூட்டும். ஒரே காரின் திறந்த வகை மூடிய வகையைவிடப் பொதுவாகக் கனமாக இருப்பது இதனால். பார்த்தால் கூரை இல்லாததுதான் இலேசாக இருக்க வேண்டும்போல் தோன்றும்.

இன்னொரு தந்திரமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1967 செவர்லே கமாரோ கன்வர்டிபிளின் நான்கு மூலைகளிலும் உருளை வடிவ டப்பாக்களை ஒளித்து வைத்தார்கள். உள்ளே ஸ்பிரிங்கில் நிற்கும் ஒரு எடைக்கல், சுற்றிலும் எண்ணெய். பாடி ஒரு பக்கம் நடுங்கினால் அந்தக் கல் எதிர்ப்பக்கம் நடுங்கி அதிர்வை விழுங்கிவிடும். பாடியை இன்னும் விறைப்பாக்குவதற்குப் பதில் நடுக்கத்தோடு சமரசம் செய்துகொள்ளும் வழி இது. இப்படி ஒன்றை யோசிக்க, எந்த வேகத்தில் எந்த மூலை எப்படி நடுங்குகிறது என்று அளந்து பார்த்திருக்க வேண்டும். பட்டறையில் வெட்டுகிறவரிடம் நல்ல கை இருக்கலாம், அந்த அளவுகோல் இருக்காது.

சில கார்கள் திறந்தே பிறக்கின்றன. 1962இல் வந்த லோட்டஸ் எலானுக்கு நடுவில் முதுகெலும்புபோல ஒரு இரும்புச் சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ் ஓடு. 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் வரைபடத்திலிருந்தே கூரையில்லாத கார். கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் இணைத்திருந்தார்கள். ஒரு டன்னுக்கும் குறைந்த எடையில் அது நின்றதற்குக் காரணம், வெட்டி இழந்ததை ஈடுகட்டும் வேலையே அதில் இல்லை. 2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. ஆட்கள் உட்காரும் பகுதியாக அமைந்த கார்பன் ஃபைபர் தொட்டியின் மேல் கட்டிய மெக்லாரன் 12சி காரின் திறந்த வகை மூடியதைவிட 40 கிலோதான் கூடுதல், அதுவும் பெரும்பாலும் மடங்கும் கூரையின் எடை. தொட்டியே எல்லாவற்றையும் சுமப்பதால் கூடுதல் தகடு தேவைப்படவில்லை. நம் கூண்டு வண்டியின் கணக்கேதான் இதுவும்.

இரண்டு வழிகளையும் ஒரே காரில் பார்க்க வேண்டுமென்றால் ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ். 1975இல் வெளிவந்தபோது அது கூரையோடு மட்டும் வந்தது. கார் கவிழ்ந்தால் ஆட்களைக் காக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் வரப்போகிறது, ஓப்பன் கார்களுக்கு அதோடு முடிவு என்று அன்று பல கம்பெனிகள் பயந்தன. போர்ஷே 1965லேயே நடுவில் அகலமான எஃகு வளையம் வைத்த டார்கா வகையைக் காட்டியதும் அந்தப் பயத்தில்தான். 1976 கேடிலாக் எல்டொராடோவை அமெரிக்காவின் கடைசி கன்வர்டிபிள் என்றே சொல்லி விற்றார்கள். ஆனால் வாங்குகிறவர்களின் ஆசை போய்விடவில்லை. கம்பெனிகள் ஒதுங்கிய அந்த இடைவெளியில்தான் வெளிப்பட்டறைகள் வளர்ந்தன.

ஜாகுவார் 1983இல் பாதி மனதோடு ஒரு வகையை விட்டது. முன்பக்கக் கூரைப் பலகைகளைக் கழற்றலாம், பின்பக்க டாப்பையும் எடுக்கலாம், ஆனால் தலைக்கு மேல் சட்டங்கள் அப்படியே நிற்கும். எலும்பை விட்டுவிட்டுத் தோலை மட்டும் உரித்த மாதிரி. முழுசாகத் திறக்க வேண்டும் என்றவர்களுக்காக அமெரிக்காவில் சின்சினாட்டியில் இருந்த ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என்ற பாடி கட்டும் நிறுவனம் 1986இல் களமிறங்கியது. அதிபர் கென்னடி சென்ற லிங்கன் காரை மாற்றியமைத்த அதே நிறுவனம். கூரையுள்ள புது எக்ஸ்ஜே-எஸ் வண்டிகளை வெட்டி, பலப்படுத்தி, மின்சாரத்தில் மடங்கும் கேன்வாஸ் டாப்பு போட்டு, ஜாகுவார் டீலர்கள் வழியாகவே விற்றார்கள். பிறகு 1988இல் ஜாகுவாரே, ஜெர்மனியின் கார்மன் நிறுவனத்தின் உதவியோடு, தன் சொந்த முழுக் கன்வர்டிபிளைக் கொண்டுவந்தது.

இரண்டையும் டாப்பு மடக்கிய நிலையில் பக்கத்தில் நிறுத்தினால், அழகில் ஜெயிப்பது வெளியே வெட்டியதுதான். அதன் டாப்பு உடம்புக்குள்ளேயே இறங்கிப் படுத்துவிடும், கோடு நேராக ஓடும். கம்பெனியின் டாப்பு பின்னால் மூட்டைபோல உயர்ந்து நிற்கும். ஆனால் அந்த இடம் எங்கிருந்து வந்தது? எக்ஸ்ஜே-எஸ்ஸின் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. டாப்பு உள்ளே இறங்க வேண்டுமானால் டேங்க் நகர வேண்டும். ஹெஸ் நிறுவனம் அதை எடுத்துவிட்டு இரண்டாகப் பிரித்து வைத்தது, கூடவே எரிபொருள் குழாய்களின் பாதையும் மாறியது. ஒரு கோடு நேராக ஓடுவதற்காகக் காரின் வயிற்றையே மாற்றி வைத்தாயிற்று. இன்று அதில் ஒரு குழாய் கெட்டால் ஜாகுவாரின் கையேட்டைப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை, நல்ல கைகள்தான். ஆனால் ஒரு இடத்தில் வெட்டினால் வேறு எத்தனை இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கம்பெனி, வெளிப்பட்டறை என்ற கோடு எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஏஎஸ்சி என்ற அமெரிக்க நிறுவனம், கார்க் கம்பெனிகளே கேட்டுக்கொண்டு, அவர்களுக்காகவே வெட்டிக் கொடுத்தது. டொயோட்டா செலிகா, போர்ஷே 944 இரண்டின் திறந்த வகைகளும் அதன் கைவேலை. 1995இல் மிட்சுபிஷி 3000ஜிடிக்குத் தானாக மடங்கும் தகட்டுக் கூரையும் போட்டது. வெட்டியது வெளி ஆள், ஆனால் விற்றதும் பொறுப்பேற்றதும் கம்பெனி. இவற்றை நான் கம்பெனிக் கார்களோடுதான் சேர்ப்பேன். யார் கையில் ரம்பம் இருந்தது என்பதைவிட, கம்பெனியின் வரைபடமும் சோதனையும் அந்த ரம்பத்துக்குப் பின்னால் இருந்ததா என்பதுதான் கேள்வி.

விலையில் இந்த வித்தியாசம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஃபெராரி டேடோனா. மூடிய கார்கள் ஆயிரத்து இருநூற்றுக்கும் மேல் செய்தார்கள், ஸ்கால்யெட்டி பட்டறையில் கம்பெனிக்காகச் செய்த திறந்த ஸ்பைடர்கள் 122தான். ஸ்பைடரின் விலை ஏற ஏற, மூடிய டேடோனாக்களைப் பலர் வெட்டி ஸ்பைடராக்கினார்கள். இன்று அசல் ஸ்பைடரின் விலைக்குப் பக்கத்தில்கூட வெட்டிய கார் வராது. சேசிஸ் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல உதாரணம் இருந்தது. 1960களில் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் தம்பி. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. கூரையும் போல்ட் போட்டுப் பொருத்தியதுதான். ட்ரையம்ஃப் அதே காரைக் கன்வர்டிபிளாகவும் விற்றது, அதே சேசிஸைக் குட்டையாக்கி ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தது. இரண்டு கதவு ஹெரால்டின் கூரையை ஸ்பேனர் வைத்தே கழற்றலாம் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது வெறும் கதை இல்லை. அம்பாசடரும் ஹெரால்டும் ஒரே தெருவில் ஓடிய வண்டிகள். கூரை விஷயத்தில் மட்டும் ஒன்று ஏகாண்ட வீணை, இன்னொன்று கூண்டு வண்டி.

சரி, இந்தியாவில் இன்று யாராவது ஸ்போர்ட்ஸ் காரின் கூரையை வெட்டித் தருகிறேன் என்றால்? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனியிலிருந்தே திறந்து வந்த காருக்கு இந்தத் தொல்லை இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைப் பற்றித்தான் இருக்கும்.

பழைய ஓப்பன் கார் ஒன்றைப் பார்க்கப் போனால் நான் முதலில் தேடுவது சீட் பெல்ட்டின் மேல்முனையை. கூரையுள்ள காரில் அது தூணின் உச்சியில், கிட்டத்தட்டக் கூரை ஓரத்தில் மாட்டியிருக்கும். கூரை போனால் அந்த உச்சியும் போய்விட்டது. கம்பெனி என்றால் சீட்டிலேயோ பின்சுவரிலேயோ பலமான இடம் செய்து மாற்றியிருக்கும். வெளியே வெட்டியதில் பெல்ட் வெறும் தகட்டில் ஒரு போல்ட்டில் தொங்கினால், மற்றதைப் பார்க்கத் தேவையில்லை, திரும்பி வந்துவிடலாம். தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 1989 மெர்சிடிஸ் எஸ்எல் காரில் கார் கவிழப்போவதை உணர்ந்து ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் எழுந்து நிற்கும் இரும்பு வளையம் இருந்தது. அதுபோன்ற ஒன்றை வெட்டிய வண்டியில் எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் நம் டெல்டாவுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, மழைத் தண்ணீர். டாப்பு மடங்கும் பள்ளத்தில் விழும் தண்ணீர் வெளியேற மெல்லிய குழாய்கள் வைத்திருப்பார்கள். எம்எக்ஸ்-5 போன்ற நல்ல கார்களிலேயே அந்தக் குழாய் இலைச் சருகில் அடைத்துக்கொள்ளும். அப்போது தண்ணீர் போய் நிற்பது எங்கே என்றால், கூரையின் வேலையைச் சுமக்கிற அதே படிக்குள். வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளிருந்து துரு தின்னும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் பெய்யும் ஊரில், அதுவும் நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து உப்புக் காற்றில், இது வேகமாக நடக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீரை அந்தப் பள்ளத்தில் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தக் கல்யாண அம்பாசடரைப் பிறகு ஒருமுறை டிங்கரிங் பட்டறையில் பார்த்தேன். கதவு இப்போது சில சமயம் திறந்தால் மூடவில்லை என்று கொண்டுவந்திருந்தார்கள். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இங்க பாருங்க" என்று முன்கதவைச் சாத்தினார், சரியாக விழுந்தது. பிறகு பின்மூலையில் ஜாக்கி போட்டு நாலைந்து சுற்று ஏற்றினார். சக்கரம் தரையை விட்டு இன்னும் எழவில்லை, அதற்குள் கதவின் மேல் ஓரம் தூணில் போய் முட்டி நின்றது. படிக்குள் ஒரு சின்ன ஓட்டை போட்டு டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே எந்தப் பலப்படுத்தலும் இல்லை. பழைய தகடு, அதன் அடியில் ஈரமும் துருப்பொடியும்.

"அண்ணே, உள்ள பெட்டி வச்சு வெல்ட் பண்ணினா நிக்குமா?" என்று கேட்டேன்.

"வைக்கலாம் தம்பி. ஆனா எதோட சேர்த்து வெல்ட் பண்றது? பிடிக்க நல்ல தகடு வேணும்ல" என்றார். ஜாக்கியை இறக்கினார். கதவு முனகிக்கொண்டே பழைய இடத்துக்கு வந்தது.